தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்க

கார்ட்டூன் புதிதாக உருவாகும்போது பெரும்பாலும் குரலைத்தான் முதலில் பதிவார்கள். அதைக் கேட்டுத்தான் வாயசைவை வரைவார்கள். டப்பிங் நேர்மாறு. வாய் அசைந்து முடிந்திருக்கும், தமிழை அதற்குள் அடக்க வேண்டியது நம் பொறுப்பு. தமிழில் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும்.

அதனால் குரலை மாற்றிப் பேசுவதற்கு முன் உதட்டைப் பார்க்கப் பழகுங்கள். ப, ம இரண்டுக்கும் உதடு முழுதாக மூடும். வ சொல்லும்போது கீழுதடு மேற்பல்லைத் தொடும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் பிசகினாலும் தெரியாது, ஆனால் மூடிய வாயிலிருந்து 'கா' வந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். பாத்திரம் ஆங்கிலத்தில் 'ஸ்டொப்' என்று கத்தினால் வாய் மூடி முடியும். அங்கே 'நில்லு' பொருந்தாது, உதடு மூடாமல் திறந்தே நிற்கும். 'போதும்' முடிவில் சரியாக உட்காரும்: அதுவும் மூடிய வாயிலேயே முடிகிறது.

20 விநாடிக் காட்சி ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, உதடு மூடும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வசனம் எழுதிப் பேசுங்கள். நீண்டால் வேகமாகப் பேசித் தப்பிக்காதீர்கள், சொல்லை வெட்டுங்கள். 'நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்' என்பது 'சொல்றேன்ல' ஆகலாம். 'நான்' இல்லாமலே ஆள் தெரியும்.

சிறுவன் குரலுக்குத் தொண்டையை நெரித்தால் சீக்கிரமே கரகரக்கும். பல் தெரியச் சிரித்தபடி பேசிப் பாருங்கள், தானாக இளமை வரும். கத்தும் வசனங்களைக் கடைசியில் பதியுங்கள். குளிர்ந்த காலையில் எழுந்தவுடன் பதியாமல், 5 நிமிடம் வாய்மூடி முனகி, உதட்டை அதிரவிட்டுச் சூடேற்றுங்கள். பிளேன்டீயின் துவர்ப்பு வாயை உலர்த்தி நாக்கில் 'டிக்' சத்தம் எழுப்பும். பதிவுக்கு முன் வெறுந்தண்ணீர்தான் நல்லது.

நம் பெரிய எதிரி தகரக் கூரை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு மழை. மழைச் சத்தத்தைப் பிறகு நீக்கலாம் என்று நம்பாதீர்கள். நீக்கினால் குரலும் தகரமாகிவிடும். மழை விட்ட நேரத்தில், துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து அதைப் பார்த்து நின்று, முதுகுப் பக்கம் கம்பளி தொங்கவிட்டுப் பதியுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதும். ஒலி பதியும் மென்பொருளான ஓடாசிட்டி இலவசம். அதில் ஒலித்தர அமைப்பை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். உரத்த இடமும் மென்பொருளின் ஒலியளவுக் காட்டியில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. போனில் பதிந்தால் ஃபிளைட் மோடில் போடுங்கள்.

வாய்ப்புக் கேட்டு அனுப்பும் மாதிரிப் பதிவு 60 முதல் 90 விநாடி, நான்கைந்து பாத்திரம், பின்னணி இசை வேண்டாம். சிறந்ததை முதல் 10 விநாடிக்குள் வையுங்கள். மலையகப் பேச்சில் ஒரு பாத்திரம் கட்டாயம் இருக்கட்டும். அதை ஒளிக்காதீர்கள், வேறு ஊர்க்காரரால் அதை அப்படிப் பேச முடியாது.

வாய்ப்புக் கிடைத்துக் கொழும்புக்கு ரயிலேறுமுன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை அத்தியாயம், எவ்வளவு காசு, அது எப்போது கிடைக்கும். உங்கள் குரலைக் கொண்டு கணினிக் குரல் உருவாக்க அனுமதி கேட்கும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.