வாடகைக்கு ஆள் பார்க்கும்போது வீட்டுக்காரர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

டு-லெட் போர்டைப் பார்த்து ஒரு குடும்பம் வருகிறது. ஓனர் கேட்பது வழக்கமான கேள்விகள்தான். சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க, சைவமா அசைவமா, எத்தனை பேர், விருந்தாளி அதிகம் வருவார்களா? முகம் பிடித்துப்போனால் பத்து நிமிடத்தில் "சரி, டோக்கன் கொடுத்துட்டுப் போங்க". இப்போது இருக்கும் வீட்டை ஏன் காலி செய்கிறார்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை.

சாதி பார்த்து வீடு கொடுப்பது அநியாயம். அது தெரிந்தும் செய்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம்: அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் வாடகை ஐந்தாம் தேதி வருமா, இருபதாம் தேதி வருமா என்பது இல்லை. 'சைவம் மட்டும்' போர்டும் அப்படித்தான். மீன் வறுக்கும் வாசனை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது உங்கள் பிரச்சினை, புரிகிறது. ஆனால் சாம்பார் வைக்கிறவர் வாடகையைச் சரியாகக் கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டால், வரக்கூடிய நல்ல ஆட்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள்.

பேச்சிலர்கள் விஷயத்திலும் இதே குழப்பம். சென்னையில் பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை போனாலும் மற்ற இருவர் சம்பளம் இருக்கிறது. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. சிக்கல் வருவது வேறு இடத்தில். அக்ரிமெண்டில் ஒருவர் பெயர்தான் இருக்கும். அவர் ஆறு மாதத்தில் பெங்களூர் போய்விடுவார். அவர் கட்டிலில் யாரோ ஒருவர் இருப்பார். தங்கப்போகிற எல்லோர் பெயரையும் எழுதுங்கள், ஆள் மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று சேருங்கள். முடிந்தது.

பழைய ஓனரிடம் பேசுங்கள்

ஒரே ஒரு விஷயம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வருகிறவர் முன்பு குடியிருந்த வீட்டின் ஓனர் நம்பரை வாங்கிப் பேசுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. இப்போது குடியிருக்கும் வீட்டு ஓனருக்கு ஆள் போனால் போதும் என்று இருக்கலாம். "ரொம்பத் தங்கமான குடும்பம் சார்" என்று அவர் உருகினால் கொஞ்சம் உஷாராக இருங்கள். அதற்கும் முந்தைய வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. அவரிடம் "ஆள் எப்படி" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார். காலி செய்தபோது அட்வான்ஸில் எவ்வளவு கழித்தீர்கள், எதற்காக என்று கேளுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்றால் அது வழக்கம்தான். வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, உடைந்த கதவு என்று பட்டியல் நீண்டால் அந்தக் குடும்பத்தின் கதை முழுக்க உங்கள் கையில் வந்துவிடும்.

வருமானத்தைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. சாதியைக் கேட்கக் கூசாதவர்கள் சம்பளத்தைக் கேட்கக் கூசுவது வேடிக்கைதான். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு, சொந்தத் தொழில் என்றால் சில மாத வங்கிக் கணக்கு விவரம், இவற்றைக் கேட்பதில் தப்பே இல்லை. கையில் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகிறது என்றால் முதல் மருத்துவச் செலவிலேயே உங்கள் வாடகை தள்ளிப்போகும்.

அட்வான்ஸ் என்ற போலி தைரியம்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் பழக்கம். 'அவ்வளவு பணம் நம்ம கையில இருக்கே, யார் வந்தா என்ன' என்ற எண்ணம் அதில் பிறந்ததுதான். நடைமுறையில் என்ன ஆகிறது? வாங்கிய அட்வான்ஸ் மகன் காலேஜ் ஃபீஸுக்கோ மாடி போடவோ போய்விடுகிறது. பிறகு ஆள் சரியில்லை என்று தெரிந்து காலி செய்யச் சொன்னால், "அட்வான்ஸைக் கொடுங்க, நாளைக்கே போறேன்" என்கிறார். கொடுக்கக் கையில் பணமில்லை. பாதுகாப்பாக இருக்க வேண்டிய அந்தப் பணம் ஓனரின் காலில் விலங்காகிவிட்டது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் பேசுவதும் மூன்று மாத வாடகை அளவிலான வைப்புத்தொகையைத்தான். அதை வாங்குங்கள், தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள்.

அவசரத்தால் வருகிற தவறுகளும் இதோடு சேர்ந்தவை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆனிக் கடைசியில் காலியாக இருக்கும் வீட்டுக்காரருக்குப் பதற்றம் வந்துவிடும். மார்கழிக்கு முன்பும் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நஷ்டம் 15,000. தவறான ஆள் ஐந்து மாதம் கொடுக்காமல் உட்கார்ந்தால் 75,000, வக்கீல் செலவு தனி.

காகிதங்கள்

ஆதார் ஜெராக்ஸ் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் சரிபார்த்தாகிவிட்டது என்று ஒரு நினைப்பு. ஜெராக்ஸை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அசல் அட்டையைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள கியூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் போலீஸ் என்கவுன்டரில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு சென்னையில் சூடு பிடித்தது. தேவையற்ற அலைச்சல் என்று நினைக்காமல் கொடுத்துவிடுங்கள்.

இணையத்தில் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று. "ராணுவத்தில் இருக்கிறேன், உங்கள் ஊருக்கு மாற்றலாகிறது, வீட்டைப் பார்க்க வேண்டாம், அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன்" என்று போன் வரும். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். அப்புறம் ஒரு கியூஆர் கோடு வரும், அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் வரும் என்பார். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கிறவர் குடித்தனம் வரப்போவதில்லை.

இனி, 'தெரிஞ்சவங்க'. தம்பியின் ஆபீஸ் நண்பர், ஒன்றுவிட்ட அத்தையின் மருமகன் என்று வருகிறவர்களிடம் அக்ரிமெண்ட் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று விட்டுவிடுவார்கள். மூன்று வருடம் கழித்து வாடகையை ஏற்றச் சொன்னால் உறவும் போகும், வாடகையும் ஏறாது. மேலே சொன்ன 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி, அதையும் புதுப்பிக்காமல் வருடக்கணக்கில் ஓட்டும் பழைய வழி, தகராறு வந்த அன்றைக்குக் கைகொடுக்காது. ஒப்பந்தப் பதிவுக்கு வரத் தயங்குகிற ஆளைப் பற்றியும் அதில் ஏதோ ஒன்று தெரிகிறது அல்லவா?

ஆரம்பத்திலேயே இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம், பிறகு கையில் இருக்கும் வழிகள் மெதுவானவை என்பதுதான். வாடகை வரவில்லை என்று கரண்டைப் பிடுங்குவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது எதற்கும் சட்டத்தில் இடமில்லை. பாக்கி நின்றால் நோட்டீஸ், அதற்கும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம். அதுவரை பொறுமை.

டோக்கன் அட்வான்ஸை வாங்குவது இத்தனைக்கும் பிறகு, கடைசியாக. முதல் ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிட்டால் பிறகு விசாரிக்க மனசு வராது. விசாரித்து வேண்டாம் என்று தோன்றினாலும் திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம்தான் மிஞ்சும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நல்ல ஆள் என்று நீங்கள் தேடுகிறவரும் உங்களை எடை போட்டுக்கொண்டிருப்பார். வாடகை ரசீது கிடைக்குமா, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை என்றால் வரிச் சலுகைக்காகக் கம்பெனியில் கேட்கும் உங்கள் பான் நம்பரைக் கொடுப்பீர்களா, கரண்டுக்கு இ.பி. பில்லைக் காட்டி வாங்குவீர்களா, இல்லை இஷ்டத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்பீர்களா? 'ரசீதெல்லாம் கிடையாது, கையில கொடுத்துடுங்க' என்றால் சம்பளக்காரர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார். எதையும் கேட்காமல் சரி என்று தலையாட்டுகிறவர்தான் உங்களுக்கு மிஞ்சுவார்.