கிராண்ட் ஜூரிகிட்ட நேரா புகார் குடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

அமெரிக்காவுல ஒருத்தர் மேல குற்ற வழக்கு போடலாமான்னு முடிவு பண்ற சாதாரண மக்கள் குழுதான் கிராண்ட் ஜூரி. போலீஸ் கண்டுக்கல, அரசு வக்கீலும் கண்டுக்கல, அப்ப நேரா கிராண்ட் ஜூரிகிட்டயே போயிடலாம்னு நிறைய பேர் கெளம்பிடறாங்க. போலாம்தான், ஆனா ஊருக்கு ஊர் கதை வேற, அத பாக்காம போறதுதான் மொத தப்பு. வெஸ்ட் வர்ஜீனியாவுல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு 1981லயே சாதாரண ஆளும் புகாரோட ஜூரி முன்னாடி போலாம்னு சொல்லிடுச்சு. மேரிலாண்ட்ல 1944 தீர்ப்புப்படி மாஜிஸ்ட்ரேட், அரசு வக்கீல் ரெண்டு பேர்கிட்டயும் முட்டிப் பாத்துட்டு அப்புறம்தான் ஜூரிகிட்ட அனுமதி கேக்கணும், அதுவும் கேக்கத்தான் உரிமை, உள்ள விடுறது அவங்க இஷ்டம். கன்சாஸ்ல ஜூரிய கூட்டவே கையெழுத்து வேட்டை நடத்தலாம், கடைசி கவர்னர் எலக்‌ஷன்ல அந்த கவுண்டில (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) விழுந்த ஓட்டுல 2 சதவீதம், அதுக்கு மேல ஒரு 100 கையெழுத்து வேணும்.

இருக்கறதுலயே டேஞ்சரான தப்பு ஜூரி மெம்பருக்கு லெட்டர் போடறது. ஃபெடரல் (மத்திய அரசு) கேஸ்ல, ஜூரி முன்னாடி இருக்கற மேட்டர பத்தி அவங்க முடிவ மாத்தணும்னு எழுதினா ஃபெடரல் குற்றச் சட்டத்தோட 1504ஆம் பிரிவுல 6 மாசம் வரைக்கும் உள்ள போலாம், புகார் குடுக்கப் போனவரே குற்றவாளி ஆயிடுவாரு! அதே பிரிவோட கடைசி வரிய யாரும் படிக்கறதில்ல, ஜூரி முன்னாடி ஆஜராக அனுமதி கேட்டு எழுதறது குத்தமில்லன்னு அதுலயே இருக்கு. அதனால "நான் வந்து சாட்சி சொல்லணும், அனுமதி குடுங்க"ன்னு மட்டும் கேளுங்க, "அவன விடாதீங்க"ன்னு ஒரு வரி சேத்தா போச்சு.

ஃபெடரல்ல இன்னொரு வழியும் இருக்கு. 1970 சட்டப்படி ஸ்பெஷல் கிராண்ட் ஜூரி (கூட்டமா சேந்து பண்ற பெரிய குற்றங்கள விசாரிக்கறதுக்காக வந்தது) இருக்கற எடத்துல, நீங்க தகவல் குடுத்து கேட்டுக்கிட்டா அரசு வக்கீல் அத ஜூரி காதுல போட்டே ஆகணும். ஆனா தன்னோட கருத்தையும் சேத்துதான் சொல்லுவாரு. அதுக்கப்புறம் 16லருந்து 23 பேர் இருக்கற ஜூரில குற்றம் சாட்டலாம்னு 12 பேர் ஒத்துக்கணும், அதனால நாம போனாலே கேஸ் ஆயிடும்னு நெனக்காதீங்க.

கலிஃபோர்னியா சிவில் கிராண்ட் ஜூரி வேற ரகம். 58 கவுண்டிலயும் இருக்கு, ஃபாரம் நெரப்பி யாரு வேணா குடுக்கலாம், ஆனா அவங்க பாக்கறது சிட்டி, கவுண்டி நிர்வாகத்த. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டு ஓனர் அட்வான்ஸ திருப்பித் தரலன்னு ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினாரு, "இது எங்க வரம்புல இல்ல"ன்னு ரெண்டே வரில பதில் வந்துச்சு.