தாய்லாந்துத் துணைவருக்கு ஆஸ்திரேலியச் சுற்றுலா விசா பெறும் வழி

ஆஸ்திரேலியாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்று வாழும் ஒருவர், தாய்லாந்தில் இருக்கும் தம் துணைவரைச் சில வாரங்களுக்கு அழைத்து வர விரும்பினால், அதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மலேசியா, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கைபேசிச் செயலியிலேயே பெற்றுவிடும் மின்னணுப் பயண அனுமதி தாய்லாந்துக் கடவுச்சீட்டுக்குக் கிடைக்காது. ஒரு வாரப் பயணமானாலும், மூன்று மாதத் தங்கலானாலும், சப்கிளாஸ் 600 எனப்படும் வருகையாளர் விசாவுக்கு முழு விண்ணப்பம் அளித்தே ஆக வேண்டும்.

நானும் என் துணைவியும் இந்த விசாவுக்கு இருமுறை விண்ணப்பித்தோம். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது, இரண்டாவது ஏற்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் எங்கள் உறவில் எந்த மாற்றமும் இல்லை. எங்கள் அன்பை நிரூபித்துவிட்டால் போதும் என்று நினைத்து, முதல் முறை நூற்றுக்கணக்கான புகைப்படங்களையும் உரையாடல்களையும் இணைத்திருந்தோம். ஆனால் விசா அதிகாரி சட்டப்படி பார்க்க வேண்டியது வேறு: இவர் உண்மையிலேயே தற்காலிகமாக மட்டும் தங்க வருகிறாரா, நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடப்பாரா, குறித்த நாளில் திரும்பிப் போவாரா என்பதே அவர் முன்னுள்ள கேள்வி. ஆஸ்திரேலியாவில் துணைவர் இருப்பது, பயணத்துக்கு நல்ல காரணமாகவும் திரும்பிப் போகாமல் இருப்பதற்கான காரணமாகவும் ஒரே நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெரியும். விண்ணப்பத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது ஐயத்துக்கு விடை சொல்வதாக அமைய வேண்டும்.

எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது

சப்கிளாஸ் 600-க்குள் பல பிரிவுகள் உள்ளன; நமக்குப் பொருந்தக்கூடியவை சுற்றுலாப் பிரிவும் குடும்ப ஆதரவுப் பிரிவும். குடும்ப ஆதரவுப் பிரிவில் ஆஸ்திரேலியாவில் உள்ள உறவினர் முறைப்படி பொறுப்பேற்க வேண்டும்; 5,000 முதல் 15,000 டாலர் வரை பிணைத்தொகை கட்டும்படி கேட்கப்படலாம். மணமானவர்களும், சட்டம் ஏற்கும் வகையில் சேர்ந்து வாழ்பவர்களும் இந்தப் பிரிவுக்கு வரலாம். காதலர் என்ற நிலையில் மட்டும் இருப்பவர்கள் வர முடியாது. இந்தப் பிரிவில் கிடைக்கும் விசாவோடு 8503 என்ற நிபந்தனையும் சேர்ந்தே வரும். அதன்படி, ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டே வேறு விசாவுக்கு மாறுவது ஏறத்தாழ இயலாது. ஆகவே முதல் முயற்சியைச் சுற்றுலாப் பிரிவில் செய்வதே நல்லது என்பது என் கருத்து. விண்ணப்பிக்கும்போதும் முடிவு வரும்போதும் துணைவர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

கட்டணம் ஏறத்தாழ 200 ஆஸ்திரேலிய டாலர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று அது திருத்தப்படுவது வழக்கம் என்பதால், பணம் கட்டும் நாளில் உள்துறை அமைச்சின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. விசா கைக்கு வரும் முன் விமானச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. முன்பதிவுத் திட்டம் போதும்.

திரும்பிப் போவார் என்பதற்கான சான்றுகள்

துணைவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் சான்று காட்டுவது எளிது. நிறுவனத்தின் முகப்புத்தாளில், எப்போது சேர்ந்தார், என்ன பதவி, என்ன சம்பளம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது, திரும்பி வந்ததும் அதே வேலை காத்திருக்கும் என்பது ஆகிய அனைத்தும் அடங்கிய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். விடுப்புத் தேதிகளும் விண்ணப்பத்தில் கேட்கும் பயணத் தேதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து நாள் விடுப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தங்கக் கேட்பது தன் விண்ணப்பத்தைத் தானே கவிழ்ப்பதாகும்.

ஆனால் தாய்லாந்தில், குறிப்பாக வடகிழக்கே ஈசான் பகுதியில், பலருக்கு அப்படி ஒரு முதலாளி இருப்பதில்லை. என் துணைவி கோன் கேன் அருகே சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பதிவுச் சான்று எதுவும் இல்லை. இரண்டாம் விண்ணப்பத்தில், சந்தை உரிமையாளர் தந்த வாடகை ரசீதுகள், மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்த பற்றுச்சீட்டுகள், வாடிக்கையாளர்கள் கியூஆர் குறியீட்டை வருடி நாள்தோறும் அனுப்பும் சிறு சிறு தொகைகள் தெரியும் ஆறு மாத வங்கிக் கணக்கு, கடையில் அவர் நிற்கும் புகைப்படங்கள், அவர் இல்லாத வாரங்களில் கடையைப் பார்த்துக்கொள்வதாகத் தங்கை எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றைச் சேர்த்தோம். ஊர்த்தலைவர், அதாவது அங்கே பூ யாய் பான் என்று அழைக்கப்படுபவர், என் துணைவி அந்த ஊரில் வசிப்பதையும் அவருடைய தொழிலையும் உறுதிசெய்து கடிதம் தந்தார். இவற்றில் எதுவும் தனியாக நின்றால் பெரிய சான்று ஆகாது. சேர்த்துப் படிக்கும்போதோ, ஒருவர் திரும்பி வந்து தொடர வேண்டிய வாழ்க்கை ஒன்று அங்கே இருப்பது புலப்படும்.

நிலமோ வீடோ துணைவர் பெயரில் இருந்தால் சானோட் எனப்படும் நிலப்பத்திரத்தின் நகலை இணையுங்கள். பள்ளி செல்லும் பிள்ளை தாய்லாந்திலேயே தங்கப் போகிறது என்றால், பிறப்புச் சான்றிதழோடு பள்ளிக் கடிதமும், அந்த நாட்களில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்பதும் வேண்டும். வயதான பெற்றோரைக் கவனிப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். முன்பு ஜப்பான், தென்கொரியா, ஐரோப்பா போன்ற இடங்களுக்குச் சென்று உரிய காலத்தில் திரும்பியிருந்தால், அந்தப் பக்கங்களையும் ஒளிவருடிச் சேர்ப்பது பலம்.

பணத்தைப் பற்றி

வங்கியில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று எந்த விதியும் தொகை குறிக்கவில்லை. தங்கும் காலத்துக்குப் போதுமான வசதி துணைவரிடம் இருக்க வேண்டும், அல்லது நீங்கள் செலவை ஏற்க வேண்டும், இரண்டும் ஏற்கத்தக்கவையே. எங்கள் முதல் விண்ணப்பம் தடுக்கி விழுந்தது இங்கேதான். கணக்கில் பணம் குறைவாகத் தெரிகிறதே என்று, விண்ணப்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பு நான் ஒரு பெருந்தொகையை அவர் கணக்கில் போட்டேன். மறுப்புக் கடிதத்தில் அந்தத் தொகை பெயர் சொல்லிச் சுட்டப்பட்டிருந்தது: விண்ணப்பதாரரின் வழக்கமான வருமானத்தோடு பொருந்தவில்லை, எங்கிருந்து வந்தது என்ற விளக்கமும் இல்லை. ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகப் புழங்கிய கணக்கே நம்பத்தகுந்தது. செலவு உங்களுடையது என்றால் அதை ஒளிவுமறைவின்றி எழுதி, உங்கள் சம்பளச் சீட்டுகளையும் மூன்று மாத வங்கி அறிக்கையையும் உங்கள் பெயரிலேயே இணையுங்கள். மாதந்தோறும் துணைவருக்குப் பணம் அனுப்புகிறவர் என்றால், அந்த வரவுகள் யாருடையவை என்பதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

பெயரும் ஆண்டும் மொழிபெயர்ப்பும்

தாய்லாந்து ஆவணங்களில் ஆண்டு பௌத்த சகாப்தப்படி அச்சாகியிருக்கும். அதிலிருந்து 543-ஐக் கழித்தால் நாம் வழங்கும் ஆண்டு கிடைக்கும். 2567 என்றால் 2024. மொழிபெயர்ப்பாளர் இதை மாற்றி எழுதியிருக்கிறாரா என்று ஒவ்வொரு தாளிலும் சரிபாருங்கள். அடுத்தது பெயர். தாய் எழுத்திலிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது ஒரே குடும்பப்பெயர் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் வங்கியில் இன்னொரு விதமாகவும் விழுவது மிகச் சாதாரணம். என் துணைவியின் வங்கிக் கணக்கில் அவருடைய குடும்பப்பெயரின் நடுவே ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்தி ஆங்கிலத்தில் அறிக்கை தரும்படி கிளையில் கேட்டபோது, திருத்தித் தந்தார்கள். மேலும், தாய்லாந்தில் நல்வாழ்வு வேண்டிப் பெயரை மாற்றிக்கொள்வது பரவலான வழக்கம். மாவட்ட அலுவலகமான ஆம்போவில் பதிந்து பெறும் பெயர் மாற்றச் சான்றிதழ்கள் அனைத்தையும், பழையவை உட்பட, இணைக்க வேண்டும். படிவத்தில் 'வேறு பெயர்களால் அறியப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு அவற்றையெல்லாம் எழுத வேண்டும்.

நீல அட்டை போட்ட தபியன் பான் எனும் குடும்பப் பதிவேடு, தேசிய அடையாள அட்டை ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. தாய்லாந்தில் மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்பாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவை அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

உறவை எப்படிச் சொல்வது

சிலர், துணைவர் என்று சொன்னால் ஐயம் வரும் என்று பயந்து 'நண்பர்' என்று எழுதச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னாளில் 309 அல்லது 820 வகைத் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, உறவு எந்த நாளில் தொடங்கியது என்று எழுத வேண்டியிருக்கும். அன்று இரண்டு படிவங்களும் ஒன்றையொன்று பொய்யாக்கும். தவறான தகவலோ போலி ஆவணமோ தந்ததாக முடிவானால் மூன்று ஆண்டுகள் வரை விசா தடை விழக்கூடும்.

நீங்கள் எழுதும் அழைப்புக் கடிதம் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். எப்போது, எங்கே சந்தித்தீர்கள், நீங்கள் எத்தனை முறை தாய்லாந்து சென்றீர்கள், இந்தப் பயணத்தில் எங்கே தங்குவார், என்ன பார்ப்பார், எந்த நாளில் ஏன் திரும்புவார் என்பவற்றைச் சொன்னால் போதும். வருங்காலத்தில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அதற்கு உரிய விசாவை உரிய காலத்தில் கேட்போம் என்று எழுதுவது நம்பிக்கை தரும். தேதியிட்ட பத்துப் புகைப்படங்கள், உங்கள் கடவுச்சீட்டு முத்திரைகள், மாதத்துக்கு ஒன்றாக, லைன் என்ற கைபேசிச் செயலியில் நடந்த உரையாடலின் சில பக்கங்கள் ஆகியவையே போதுமான அளவு. லைனில் துணைவரின் செல்லப்பெயர் மட்டும் தெரியும் என்பதால், அது இன்னாருடையது என்று ஒரு குறிப்பு எழுதுங்கள்.

படிவமும் கைரேகையும்

விண்ணப்பம் இம்மிஅக்கவுண்ட் என்ற இணையக் கணக்கின் வழியே அளிக்கப்படுகிறது. கணக்கைத் துணைவரின் பெயரிலேயே திறந்து, இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். யாராவது உதவினார்களா என்ற கேள்விக்கு உண்மையான விடையைக் கொடுங்கள். வேறு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கோப்புகளை 5 எம்பிக்கு மிகாமல், 'வேலைக் கடிதம்', 'வங்கி அறிக்கை' என்று பொருள் விளங்கப் பெயரிட்டுப் பதிவேற்றுங்கள். கைரேகையும் புகைப்படமும் கேட்டுக் கடிதம் வந்தால், அக்கடிதத்தோடு, விசாப் பணிகளைக் கவனிக்கும் தனியார் நிறுவனமான விஎஃப்எஸ் குளோபலின் மையத்தில் நேரம் குறித்துச் செல்ல வேண்டும். அதிகாரி தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்கவும் கூடும். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் துணைவர் தம் மொழியில் முழுதும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதற்காகத்தான்.

விசா வந்த பின்

விசா மின்னணு வடிவிலேயே வரும்; கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை. கடிதத்தில் தங்கும் காலத்தையும் நிபந்தனைகளையும் வரிவரியாகப் படியுங்கள். 8101 வேலை செய்யத் தடை. 8201 மூன்று மாதத்துக்கு மேல் படிக்கத் தடை. 8503 இருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். தாய்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லாததால், மெடிகேர் எனப்படும் ஆஸ்திரேலிய அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

மறுக்கப்பட்டால், கடிதத்தில் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் புதிய சான்று திரட்டி மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதே தாள்களை மறுபடி அனுப்புவதால் பயன் இல்லை. மணமானவர்களுக்கும் சட்டப்படி சேர்ந்து வாழ்பவர்களுக்கும், 2024 அக்டோபர் 14 முதல் இயங்கும் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமை இருக்கக்கூடும். முறையிட வேண்டியவர் ஆஸ்திரேலியாவில் உள்ள நீங்கள். அதன் கட்டணம் மூவாயிரம் டாலருக்கு மேல் ஆவதால், பெரும்பாலும் புதிய விண்ணப்பமே விரைவானதும் மலிவானதும் ஆகும்.

விமானத்தில் தரப்படும் வருகை அட்டையில், உணவுப் பொருள் கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு, ஐயம் இருந்தால்கூட 'ஆம்' என்றே குறிக்கும்படி துணைவரிடம் சொல்லி அனுப்புங்கள். 2019 அக்டோபரில் சிட்னி விமான நிலையத்தில், பன்றி இறைச்சி உள்ளிட்ட உணவுகளை அறிவிக்காமல் கொண்டுவந்த வியட்நாமியப் பெண் ஒருவரின் வருகையாளர் விசா அங்கேயே ரத்துசெய்யப்பட்டு, அவர் திருப்பி அனுப்பப்பட்டார். என் துணைவி தம் அம்மா அரைத்துக் கொடுத்த மிளகாய்த் துவையல் புட்டியை 'ஆம்' என்று குறித்துக் காட்டினார். அதிகாரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, புட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.