குருளையர்களுக்கு வாசிப்பு பேட்ஜ்: ஆறு வாரக் கூட்டங்களை எப்படித் திட்டமிடுவது

சாரணர் இயக்கங்களின் சிறுவர் பிரிவான குருளையருக்குத் தரும் வாசிப்பு பேட்ஜுக்கான நிபந்தனைகள் இயக்கத்துக்கு இயக்கம் மாறும். ஆனாலும் கேட்பது பெரும்பாலும் நான்கு: சில புத்தகங்களைப் படித்துப் பட்டியல் வைப்பது, படித்ததைப் பற்றிப் பேசுவது, நூலகத்தில் தேடத் தெரிவது, புத்தகத்தைப் பாதுகாப்பது. பிறருக்கு வாசித்துக் காட்டச் சொல்வதும் உண்டு. உங்கள் பாடத்திட்ட வரிகளை ஒரு தாளில் எழுதி, எது கூட்டத்தில், எது வீட்டில், எது நூலகத்தில் என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

கீழே உள்ள கணக்கு 24 குருளையர், நான்கு சிக்ஸ் (ஆறு பேர் கொண்ட குழு), வாரம் ஒரு மணி நேரக் கூட்டம் என்று வைத்துப் போட்டது. அந்த ஒரு மணியில் வாசிப்புக்கு 25 நிமிடம் போதும். பள்ளியில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைகளை மறுபடி ஒரு மணி நேரம் உட்கார வைத்தால், பேட்ஜும் இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஓடும் விளையாட்டு முதலில், வாசிப்பு அதன் பிறகு.

புத்தகம் சேர்ப்பது

இருவருக்கு ஒரு பிரதி. அப்படியானால் சிக்ஸுக்கு மூன்று, மொத்தம் 12. எல்லாரும் ஒரே கதையைப் படிக்கத் தேவையில்லை; சிக்ஸுக்கு ஒரு தலைப்பு என்று நான்கு தலைப்பு எடுத்து, வாரம்தோறும் சுற்றுக்கு விடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், உரிமம் எல்லாம் இருக்கும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியென்றால் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கலாம். தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

நிலை சரியா என்று பார்க்க, பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அது தனியாகப் படிக்க ஏற்ற புத்தகம் இல்லை. நீங்கள் வாசித்துக் காட்ட வைத்துக்கொள்ளலாம். தமிழில் பிள்ளைகள் சிக்குவது பெரும்பாலும் கடினமான சொல்லில் இல்லை, நீளமான சொல்லில். ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரே மூச்சில் வந்தால் எட்டு வயதுப் பிள்ளை பாதியிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட சொற்களின் நடுவே பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுங்கள்.

முதல் கூட்டம்: நீங்கள் வாசியுங்கள்

குருளையர் பிரிவுக்குச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1916இல் எழுதிய கையேடு, கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’கில் ஓநாய்கள் வளர்க்கும் சிறுவன் மௌக்லியின் கதைகளின் மேல் கட்டப்பட்டது. வாராவாரம் ‘அகேலா’ என்று ஓநாய்த் தலைவனின் பெயரைக் கூவும் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கதையே தெரியாது. ஓநாய்க் கூட்டம் பாறையில் கூடி, மௌக்லியைச் சேர்த்துக்கொள்வதா என்று பேசும் இடத்தை முதல் வாரம் வாசித்தால், அடுத்த கிராண்ட் ஹவுலின் (எல்லாரும் சேர்ந்து ஓநாய்போல் கூவும் வணக்கத்தின்) சத்தமே வேறு மாதிரி இருக்கும். கரடி பாலு பரிந்து பேசுவதும், கருஞ்சிறுத்தை பகீரா ஒரு காளையை விலையாகத் தருவதும் பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

மைதானத்தில் வாசித்தால் வெயில் உங்கள் முகத்தில் விழட்டும், பிள்ளைகள் முகத்தில் வேண்டாம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அவர்களை நோக்கி வீச வேண்டும். மாறி நின்றால் பின்வரிசைக்குக் குரல் போகாது. கேள்வி கேட்க இரண்டே இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

வரிசையாக வாசிக்கச் சொல்லாதீர்கள்

இந்தத் திட்டத்தில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள். வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிக்கச் சொல்வது பார்க்க ஒழுங்காக இருக்கும். உள்ளே நடப்பது வேறு. ஐந்தாவதாக இருக்கும் பிள்ளை, விரல் வைத்து எண்ணி, ஐந்தாவது பத்தியை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் நான்கு காதில் விழாது. தன் முறை முடிந்ததும் புல்லைப் பிடுங்க ஆரம்பிக்கும். திக்கித் திணறும் பிள்ளைக்கோ ஆறு பேர் முன்னால் அவமானம்.

பதிலாக ஜோடி வாசிப்பு. நன்றாகப் படிப்பவரையும் மிகவும் திணறுபவரையும் சேர்க்காதீர்கள். ஒருவரே எல்லாவற்றையும் வாசித்துவிடுவார். ஒரு படி மட்டும் வித்தியாசம் இருக்கும்படி சேர்த்துவிடுங்கள். இருவரும் மெல்லிய குரலில் சேர்ந்தே 12 நிமிடம் வாசிக்கட்டும். ஜோடிக்கும் ஜோடிக்கும் நான்கு அடி இடைவெளி விடுங்கள். எழுத்துக்கூட்டியே படிக்கும் பிள்ளைக்கு அடுத்த வாரக் கதையை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். புதிதாகப் பார்க்கும் பக்கத்தை அதனிடம் நீட்ட வேண்டாம்.

முடிந்ததும் கிம்ஸ் கேம். ஒரு தட்டில் 12 பொருள், துணியால் மூடி: சாவி, இறகு, தீப்பெட்டி, பழைய நாணயம் என்று. அதில் எட்டுப் பொருள் கதையில் வந்தவை, நான்கு வராதவை. ஒரு நிமிடம் காட்டி மூடிவிட்டு, கதையில் வந்தவற்றை மட்டும் சிக்ஸ் சேர்ந்து எழுத வேண்டும். யார் படித்தார், யார் படம் மட்டும் பார்த்தார் என்பது இதில் தெரிந்துவிடும்.

நூலக வாரம்

நூலகருக்கு மூன்று வாரம் முன்பே சொல்லி, விடுமுறை நாள் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளை நூலகத்தில் 24 பேர் ஒரே நேரத்தில் கொள்ளமாட்டார்கள். இரண்டு சிக்ஸ் உள்ளே, இரண்டு வெளியே விளையாட்டில். 25 நிமிடத்தில் மாற்றுங்கள். சிக்ஸுக்கு நான்கு சீட்டு: பறவை பற்றிய புத்தகம், வரைபடம் உள்ளது, கவிதை, ஒரு அகராதி. கண்டுபிடித்து, முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை எழுத வேண்டும். புத்தகங்களை எண்ணால் வகைப்படுத்தும் டூயி முறை என்றால் பறவைகள் 598, தமிழ் இலக்கியம் 894.811. ரங்கநாதனின் கோலன் முறை என்றால் தமிழ் இலக்கியம் O31 என்று தொடங்கும். எது என்று முன்னமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த புத்தகத்தைப் பிள்ளைகள் திரும்ப அடுக்கக் கூடாது, மேசையில் வைக்கட்டும். இடம் மாறிய புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நூலகருக்குப் பெரும்பாடு.

பராமரிப்புக்கு ஒரு கூட்டம் போதும். மேல் மூலையைப் பிடித்துப் பக்கம் புரட்டுவது, எச்சில் தொடாதது, காக்கித் தாள் அட்டை போடுவது. கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகிப் பசை கசியும். மைதா பசை பூச்சியை இழுக்கும்.

பதிவும் கையெழுத்தும்

ஒரு சிறு நோட்டில் நான்கு கட்டம்: தேதி, தலைப்பு, ஆசிரியர், நண்பனிடம் சொல்ல நினைக்கும் ஒரே ஒரு விஷயம். சுருக்கம் எழுதச் சொன்னால் பின்னட்டை வாசகம் அப்படியே வரும், அல்லது அம்மாவின் கையெழுத்து வரும். கையொப்பம் இடும் முன் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் பேசுங்கள்: ‘எந்தப் பக்கத்தை எனக்குக் காட்டுவே?’, ‘யாரு செஞ்சது உனக்குப் பிடிக்கல?’ பதில் பேச்சுத் தமிழிலேயே வரட்டும். ‘வந்தாங்க’ என்பதை ‘வந்தார்கள்’ என்று திருத்தப் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பிறருக்கு வாசிப்பதும் நிபந்தனையில் இருந்தால் அங்கன்வாடி நல்ல இடம். பணியாளரிடமும் பெற்றோரிடமும் முன்னரே அனுமதி வாங்குங்கள். இரண்டு குருளையர், எட்டுக் குழந்தைகள், ஐந்து நிமிடக் கதை. ஒருவர் வாசிக்க, மற்றவர் படத்தைக் காட்டுவார். முந்தைய கூட்டத்தில் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். படத்தைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்வது ஒத்திகையில்தான் தெரியவரும்.