சிரிப்புக்கு ஒரு மொய் நோட்டு

எங்கள் குடும்பத்தில் காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு எது வந்தாலும் மொய் எழுத உட்காருவது நான்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்பார்கள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், ஒரு ரூபாய்கூடப் பிசகாது என்பதுதான் நிஜக் காரணம். உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. பணத்தை நீட்டினால் ரசீதே அச்சாகி வருகிறது. எங்கள் வீட்டில் இன்னும் கோடு போட்ட நீள நோட்டுதான். ஊர், பெயர், தொகை.

போன வருடம் சித்தி மகன் காதுகுத்து முடிந்தபோது அந்த நோட்டில் பாதி காலியாகக் கிடந்தது. அதில்தான் இதை ஆரம்பித்தேன். அன்றைக்கு என்னை யார் சிரிக்க வைத்தார்களோ, யாரால் மனசு கொஞ்சம் குளிர்ந்ததோ, அவர்கள் பெயரில் ஒரு வரி. லேசான சிரிப்புக்கு 51. வாய்விட்டுச் சிரித்தால் 101. பஸ்ஸில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டி வந்தால் 501. நீங்களும் செய்து பார்க்கலாம். செலவு ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா.

இதில் முக்கியமான வேலை, சொன்னவர் வார்த்தையை அப்படியே எழுதுவது. நான் திருநகரிலிருந்து பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிறவள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு நாள் காலை நல்ல கூட்டம். முன் இருக்கையில் இருந்த ஆத்தா கண்டக்டரை விடுவதாக இல்லை.

“ஏப்பா, என் சீட்டக் குடுத்துட்டுப் போ.”

“காசே இல்லாத சீட்டு ஆத்தா, அத வாங்கி என்ன செய்யப் போற?”

“குடுப்பா. நாளைக்கு எவனாச்சும் ஓசில வந்தியான்னு கேட்டா எதக் காட்டுறது?”

சீட்டை வாங்கி, சுருக்குப்பையைத் திறந்தார். உள்ளே அதே மாதிரிச் சீட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு! எங்கள் ஆபீஸுக்கு வருகிற பெரிய பெரிய முதலாளிகள் யாரும் ஆவணங்களை இத்தனை ஒழுங்காக வைத்திருந்து நான் பார்த்ததில்லை. 501 எழுதினேன். ‘ஒரு பாட்டி சீட்டு கேட்டார், சிரிப்பாக இருந்தது’ என்று எழுதியிருந்தால் ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது ஒன்றுமே இருக்காது. அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனில் குறித்துக்கொள்ளுங்கள், ராத்திரி நோட்டில் ஏற்றலாம்.

சிரிப்பு எங்கே கிடைக்கும் என்றால், மதுரையில் சுவரைப் பார்த்தாலே போதும். போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுகிற ஊர் இது. பழங்காநத்தம் பக்கம் ஒரு சுவரில் மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழ்ப்பாதியை மறைத்து வேறொரு போஸ்டர்: ‘தாய்மாமன் சீரோடு அனைவரும் வருக!’ சிக்னலில் பஸ் நின்ற நேரத்தில் கிடைத்தது. 101.

அப்புறம் பூ. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் முழத்துக்கு இன்னும் எந்தக் குறியீடும் கிடையாது. முழம் என்பது பூக்காரம்மாவின் கை நீளம். கை நீளமானவரிடம் வாங்குங்கள். அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், பேச்சு வளர்ந்தால் முழம் குறையும். விரிந்த பூ வேண்டாம், சாயங்காலம் மொட்டாக வாங்கினால் ராத்திரி தலையணைப் பக்கம் மணக்கும். இதற்குத் தொகை போடுவதில்லை, ‘பூ’ என்று மட்டும் எழுதுவேன்.

மாசக் கடைசியில் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாத நாட்களில் மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்வேன். அங்கே இருப்பது 985 தூண்தான். பதினைந்து குறைகிறது. இத்தனை நூற்றாண்டாக எந்த ஆடிட்டரும் போய்க் கேட்கவில்லை.

இனி கஷ்டமான பகுதி. உறவினர்கள். எனக்கு 27 வயது, கல்யாணம் ஆகவில்லை. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ‘எப்ப நல்ல சேதி?’ என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் அன்றைய சோறு இறங்காது. இப்போது அதற்கும் ஒரு விலை வைத்திருக்கிறேன். வெறுமனே கேட்டால் 51. ‘உன் வயசுல எனக்கு ரெண்டு பிள்ளை’ என்று சேர்த்தால் 101. பெரியம்மா ஒரே விசேஷ வீட்டில் நான்கு தடவை கேட்டார், எல்லாமே 101. நான்காவது தடவை, “தங்கச்சி கல்யாணத்துக்கே அழகர் லேட்டாத்தானே வர்றாரு பெரியம்மா, ஊரே கூடி ஆத்துக்குள்ள நின்னு கும்பிடலையா?” என்றேன். பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் பதிலே சொல்லாமல் இருந்து, மூன்று வாரம் கழித்துப் போன் செய்தது. எங்கள் வீட்டுக் கிரைண்டரை எந்தக் கடையில் வாங்கினோம் என்று கேட்க! அன்றைக்கு அழுதுவிட்டேன். 501 போட எனக்கு நான்கு நாள் ஆனது. அப்படி ஆறட்டும் என்று விட வேண்டிய வரிகளும் உண்டு, அவசரப்படாதீர்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. பஸ்ஸில் இடிக்கிறவனை நோட்டில் ஏற்றாதீர்கள். அது சிரித்து விடுகிற விஷயம் இல்லை. சத்தம் போடுங்கள், 181-க்கு அடியுங்கள். ஒருவருடைய இல்லாமையும் நம் நோட்டுக்கு வேண்டாம். ஒன்றுமே இல்லாத நாளில் ‘வரவு இல்லை’ என்று எழுதுங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் என் நோட்டில் அதுதான்.

தனியாக ஒரு கடையில் நின்று ஏதாவது சாப்பிடவும் பழகுங்கள். எனக்கு அது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போடுவார்கள். முதல் வாய் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது சுக்கு. முன்பு பார்சல் வாங்கி ஓடிவந்துவிடுவேன், நாலு பேர் பார்ப்பார்களே என்று. முதல் தடவை நின்றே குடித்த அன்று கடைக்காரர் கேட்டார், “ஏம்மா, கூட யாரும் வரலையா?”

“இல்லண்ணே.”

“நல்லதாப் போச்சு, நிதானமாக் குடி. கூட ஆள் வந்தா போவோம் போவோம்னு விரட்டுவாக.”

501.

மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் கொஞ்சம் கூட்டி. வாங்கிய சிரிப்பை அந்த வாரத்துக்குள் வேறு யாருக்காவது சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சென்னையில் இருக்கிற தோழிக்கு, வாய்ஸ் மெசேஜில். கூட்டிச் சொல்லலாம், ஆனால் சுருக்குப்பையில் இருந்தது ஒரு கட்டுதான், இரண்டு கட்டு என்று சொல்லக் கூடாது.

போன வாரம் சித்தி வீட்டுக் கணக்கைப் பார்க்க அம்மா அந்த நோட்டை எடுத்துவிட்டார். பக்கத்தைப் புரட்டப் புரட்ட முகம் மாறியது.

“ஏண்டி, உங்க பெரியம்மா நாலு தடவ 101 செஞ்சிருக்காக. நமக்குத் தெரியாம எந்த விசேஷத்துல வாங்கின?”

நான் விளக்குவதற்குள் போனை எடுத்துப் பெரியம்மாவுக்கு அடித்துவிட்டார்.