ஊராட்சிச் செலவுக் கணக்கை ஊரே பார்க்கும்படி இணையத்தில் வைப்பது எப்படி?

ஏற்காட்டுப் பக்கம் ஓர் ஊராட்சி என்றால் ஒரே ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். காபித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள் சேர்ந்ததுதான் ஓர் ஊராட்சி. மேலே ஒரு குக்கிராமத்தில் பைப்லைன் போட்டால் கீழே இருப்பவருக்குத் தெரியாது. "பணம் வந்துச்சாமே, எங்கே போச்சு?" என்ற கேள்வி டீக்கடையோடு நின்றுவிடும். கணக்கு என்னவோ இணையத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை நம் ஊர்க்காரர் படிக்கிற மாதிரி மாற்றி வைப்பதுதான் வேலை. ஒரு ஜிமெயில் கணக்கும் லேப்டாப்பும் போதும். போனிலும் செய்யலாம், கண் வலிக்கும்.

படி 1: கணக்கை எடுங்கள்

இ-கிராம் ஸ்வராஜ் என்று தேடுங்கள். ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய தளம் இது. அறிக்கைகள் பகுதிக்குப் போய் நிதியாண்டு, தமிழ்நாடு, சேலம், ஏற்காடு, உங்கள் ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். என்னென்ன வேலை செய்யத் திட்டமிட்டார்கள் என்பது ஒரு அறிக்கை, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது. 2025 பிப்ரவரியில் நடந்த வேலையை 2024-25-ல் தேட வேண்டும்.

"ரோடு போடாமல் தண்ணி டேங்க்காகவே வாங்குறாங்க" என்று ஒரு புகார் எல்லா ஊரிலும் உண்டு. அதற்குக் காரணம் இந்த அறிக்கையிலேயே தெரியும். ஒன்றிய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று சொல்வது நிதிக்குழு. 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவு செய்ய வேண்டிய பணம். அதை எடுத்து ரோடு போட முடியாது. ஆகவே ஒவ்வொரு செலவும் எந்த நிதியிலிருந்து வந்தது என்பதையும் குறித்து வையுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நூறு நாள் வேலைக் கணக்கு இதில் வராது, அதற்கு வேறு தளம். இன்று அதைத் தொட வேண்டாம்.

படி 2: அட்டவணை போடுங்கள்

கூகுள் ஷீட்ஸில் புதிய ஷீட் திறந்ததும் முதலில் செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். நமக்கு அது ஏப்ரல் 3.

தலைப்புகள் இவ்வளவு போதும்: தேதி, வவுச்சர் எண், வேலை, எந்தக் குக்கிராமம், எந்த நிதி, தொகை, நேரில் பார்த்தோமா. இவற்றில் உயிர்நாடி நான்காவதுதான். அரசு அறிக்கையில் ஊராட்சியின் பெயர் தெளிவாக இருக்கும். குக்கிராமத்தின் பெயர் வேலையின் பெயருக்குள் ஆங்கில எழுத்தில் ஒளிந்திருக்கும், ஒரே ஊரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். பொறுமையாகப் பிரித்து, நாம் வாயால் சொல்கிற பெயரிலேயே தமிழில் எழுதுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால், "எங்க ஊருக்கு என்ன வந்தது?" என்று கேட்பவருக்கு ஃபில்டரை ஒரு தட்டுத் தட்டினால் பதில்.

அடுத்தது தொகை. சில அறிக்கைகள் ரூபாயில் இருக்கும், சில லட்சத்தில். முதல் முறை நான் 4.85 லட்சத்தை 48,500 என்று போட்டு, திட்டத்துக்கும் செலவுக்கும் இவ்வளவு வித்தியாசமா என்று ஊராட்சிச் செயலரிடம் போனில் குதித்தேன். அப்புறம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். 4,85,000 என்று எல்லாவற்றையும் ரூபாய்க்கு மாற்றிவிட்டு, வேறொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பழைய தமிழ் பிடிஎஃப்களில் இன்னொரு தொல்லை. காப்பி செய்து ஒட்டினால் புரியாத எழுத்தாக வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை. இப்போது எல்லாக் கணினியும் போனும் படிக்கிற யூனிகோட் முறையில் இல்லாமல், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அது. எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் கையால் தட்டச்சு செய்வதே வேகம்.

படி 3: போய்ப் பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். பைப்லைன் என்று எழுதியிருந்தால் குழாயைத் திறந்து பாருங்கள். போட்டோ எடுங்கள், ஆட்கள் முகம் விழாமல். வேலை இல்லை என்று தோன்றினாலும் "நேரில் காணவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். வேறு இடத்தில் போட்டிருக்கலாம்.

படி 4: வெளியிடுங்கள்

வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் எதுவும் இருந்தால் நீக்குங்கள். பிறகு ஃபைல், ஷேர், பப்ளிஷ் டு வெப். முழுக் கோப்பும் போய்விடும், அதனால் இந்த ஒரு ஷீட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரும் லிங்க்கை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிறகு நீங்கள் திருத்துவது சில நிமிடங்களில் தானாகவே அங்கேயும் மாறிவிடும்.

கணக்கில் விடுபட்டது இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "எல்லாச் செலவும் வேண்டும்" என்று கேட்காமல், இந்த ஆண்டு, இந்த வேலை, எஸ்டிமேட்டும் பில்லும் என்று கேளுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்குள் ஷீட்டை முடித்தால் நல்லது, அன்று வரவு செலவுப் பேச்சும் வரும். எங்கள் பக்கம் பாதி வீட்டில் சிக்னல் கிடையாது. அதனால் ஒரு பிரதியை பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து டீக்கடைப் பலகையில் ஒட்டிவிடுவேன். மழைக்காலம் என்றால் பிளாஸ்டிக் கவர் போட்டு ஒட்டுங்கள். சென்ற முறை பனியிலேயே மை கரைந்து, தொகை இருந்த பத்தி மட்டும் அழிந்துபோனது.