காடைக்குப் புளித்த சோளம், மலைநாட்டுக் குளிரில்

காடையின் அலகு சின்னது, அதனால் சோளத்தை அப்படியே போடாமல் நொய்யாக உடைத்து, குரக்கன் இருந்தால் அதையும் ஒரு பிடி சேருங்கள். பிளாஸ்டிக் வாளியில் பாதி வரை போட்டு, தானியத்துக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றி லேசாக மூடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கீழே வெயில் ஊரில் இரண்டு நாளில் புளித்துவிடும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் நாலைந்து நாள் எடுக்கும், நான் வாளியை விறகடுப்புக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். தினம் இரண்டு தரம் கிண்டுங்கள். சின்னக் குமிழி வந்து தோசை மாவு மாதிரி வாசம் அடித்தால் சரி. பூஞ்சணம் கண்டால் மேலே மட்டும் வழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள், வாளியோடு கொட்டுங்கள்.

புளித்தால் தானியத்திலுள்ள பொஸ்பரஸ் உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் வளரும் காடைக்கு 24 சதவீதம் வரை புரதம் வேண்டும், சோளத்தில் அது 10 சதவீதம்கூட இல்லை. அதனால் வழக்கமான தீனில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள், அதுவும் இரண்டு வாரம் தாண்டிய குஞ்சுக்கு. காலையில் வடித்துப் போட்டு, மிச்சத்தைப் பகலுக்குள் அள்ளிவிடுங்கள்.